அழகில்லாத மீன் இருக்கா?

அழகா இருக்கு, அழகா இருக்குன்னு அதையே சொல்றீங்களே தம்பி, அதாங்க எனக்குப் பிரச்சனையே! எனக்கு அழகே வேணாம். அழகில்லாத மீனா ஒரு பத்து காட்டுங்க. ஆமா, சாம்பல் கலர். மண் கலர்னாலும் சரி. பாதி விரல் நீளம் போதும். ஒரு தடவை பார்த்தா ரெண்டாவது தடவை பார்க்கணும்னு தோணக் கூடாது. குடும்ப போட்டோவுல கடைசி வரிசையில பாதி முகம் தெரிய ஒருத்தர் நிப்பாரே, ஒண்ணுவிட்ட சித்தப்பா, யாரும் யாருன்னு கேக்க மாட்டாங்களே... அந்த மாதிரி மீன். இது என்ன, வாலைப் பாவாடை மாதிரி விரிச்சுக்கிட்டு? வேணாம். இது? கண்ணு ரெண்டும் வெளிய வந்து, எங்க மாமனார் கோவத்துல இருக்கற மாதிரி இருக்கு. உள்ள வைங்க, உள்ள வைங்க.

என்னது? போன தடவை எடுத்துட்டுப் போன ஆரஞ்சு மீனுக்கு என்னாச்சா? அதைக் கேக்கத்தான் நான் வந்திருக்கேன், நீங்க என்னைக் கேக்கறீங்க! செத்துப் போச்சு. மூணைத் தவிர மொத்தமா. அதுக்கு முந்தி எடுத்துட்டுப் போனதும் செத்துச்சு. அதுக்கு முந்தியும். நீங்க விக்கிறது மீனா, இல்ல மீன் மாதிரி ஏதாவதா? கவருக்குள்ள இருக்கறப்ப என்னமா துள்ளுது! கொண்டு போய் விட்டா, கொஞ்ச நேரம் ஊர் சுத்திப் பார்க்கற மாதிரி சுத்துது. அப்புறம் ஓரமாப் போய் யோசிக்குது. அப்புறம் ஒருக்களிச்சுப் படுக்குது. அப்புறம்... வயித்தைக் காட்டிடுது. நான் எமனுக்கு ஏஜென்ட்டா என்ன?

வீட்ல வெச்சிருந்தப்ப எப்படி இருந்துச்சா? வீட்ல வாளியில, உங்க கவர் தண்ணியோட, நல்லாத்தான் இருந்துச்சு. என் சம்சாரம் ரொட்டித் தூள் கூடப் போட்டா. எனக்குப் போடல, அதுக்குப் போட்டா. அதை விடுங்க, அது வேற கதை... இருங்க, அந்த மூலையில இருக்கறதைக் காட்டுங்க, நான் இப்படி வந்து...

ஐயோ! ஏங்க, நடக்கற வழியில யாருங்க வாளி வாளியா தண்ணியை வெச்சிருக்கறது? பேன்ட் முழங்கால் வரைக்கும் போச்சு பாருங்க! ஒண்ணுக்கும் மூடி இல்ல. கொசு வராது? தூசி விழாது? என்னது... ஆறப் போட்டிருக்கீங்களா? தண்ணியையா? கொதிக்கிற தண்ணின்னா ஆறப் போடலாம், குழாய்த் தண்ணியை என்னத்துக்கு ஆறப் போடறது? சரி, உங்க தொழில் உங்களுக்கு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நான் பெரிய ஹோட்டல்ல ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆன ஆள். மூடாத வாளியைப் பார்த்தா என் கை தானா மூடியைத் தேடும். படுக்கை விரிப்புல ஒரு சுருக்கம் இருந்தா சாப்பாடு இறங்காது. எங்க நீச்சல் குளத்தை நீங்க பார்த்திருக்கணும் தம்பி! அடியில ஒரு குண்டூசி கிடந்தா மேலேர்ந்து தெரியும். கண்ணாடி! அதெல்லாம் ஒரு காலம்.

வீட்டுத் தொட்டிக்கா? என் வீட்ல எனக்கே இடமில்ல, மீனுக்கு எங்க போறது? இது வந்து... அந்த அம்மா போகட்டும், சொல்றேன். போய்ட்டாங்களா? கிட்ட வாங்க. இது எங்க காலனி சாக்கடைக்கு.

சிரிங்க, நல்லா சிரிங்க. சாக்கடைல விட்டா சாகாம என்ன பண்ணும்னுதானே? அதான் இல்ல. சாக்கடை வேற, சுத்திகரிப்பு நிலையம் வேற. நான் அதுக்கு செக்ரட்டரி. அதாவது காலனிக்கு செக்ரட்டரி, ஆனா வேலை பூராவும் அதுதான். அறுபது வீடு தம்பி. அறுபது வீட்டுக் குளியல், துணி, பாத்திரம்... அப்புறம் காலையில எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா உக்காந்து யோசிக்கிறாங்களே, அது. எல்லாம் ஒரே குழாயில சேர்ந்து இறகுப்பந்து மைதானத்துக்குப் பின்னாடி போகுது. டாக்டர் வீட்டதும் டிரைவர் வீட்டதும் தோள்ல கை போட்டுக்கிட்டு வரும். சமத்துவம்னா என்னன்னு அங்க வந்து பார்க்கணும் நீங்க, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு.

முதல்ல ஒரு கம்பி வலை. அதுல என்னென்ன தங்குதுன்னு சொன்னா நீங்க மத்தியானம் சாப்பிட மாட்டீங்க. ஒரு தடவை பல்செட்டு வந்துச்சு, மேல் வரிசை. அறிவிப்புப் பலகையில எழுதிப் போட்டேன்: 'பல்செட்டு ஒன்று கிடைத்துள்ளது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்.' ஒருத்தரும் வரல. ஆனா எங்க தலைவர் அந்த மாசக் கூட்டத்துல வாயே திறக்கல. அவ்வளவு அமைதியா ஒரு கூட்டம் நடந்ததே இல்ல.

வலைக்கு அடுத்தது பெரிய தொட்டி. அடியிலேர்ந்து காத்தை ஊதுவாங்க, தண்ணி குமிழ் விட்டுக் கொதிக்கிற மாதிரியே இருக்கும். காப்பிக் கலர். அதுக்குள்ளதான் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா கோடிக்கணக்குல இருக்கு. நம்ம அழுக்குதான் அதுங்களுக்கு விருந்து. தின்னுட்டு, உண்ட மயக்கத்துல அடுத்த தொட்டிக்குப் போய் அடியில படுத்துக்கும். மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணி மட்டும் மணல் வழியா இறங்கி கடைசித் தொட்டிக்கு வரும். கடைசித் தொட்டியிலேர்ந்து ஒரு குழாய். குழாய்க்கு அந்தப் பக்கம் ஆறு. அவ்வளவுதான் விஷயம். கடைசித் தொட்டியிலதான் மீன்.

அலங்காரத்துக்கா? யார் வந்து பார்க்கப் போறாங்க அங்க! அது ஒப்பந்தம் தம்பி. முன்னாடி இந்தத் தொட்டியெல்லாம் கிடையாது. காலனியைக் கட்டின புண்ணியவான் குழாயை நேரா ஆத்துல விட்டுட்டுப் போய்ட்டான். நாங்களும் கண்டுக்கல. கண்ணுக்குத் தெரியாம போனா நமக்கென்ன? கீழ ஆத்தங்கரையில இருக்கறவங்களுக்குக் கண்ணுக்கும் தெரிஞ்சுது, மூக்குக்கும் தெரிஞ்சுது. மனு குடுத்தாங்க, சொல்லிப் பார்த்தாங்க, ஒருநாள் நேர்லயே வந்தாங்க. சத்தம் போடல, கல்லெடுக்கல. சிமென்ட் மூட்டையோட வந்தாங்க! குழாய் வாயைப் பூசி அடைச்சுட்டு, கையைக் கழுவிக்கிட்டுப் போய்ட்டாங்க.

அங்க அடைச்சா இங்க எந்த வீட்ல முதல்ல பொங்கும்? பள்ளத்துல இருக்கற வீட்ல. பள்ளத்துல யார் வீடு? ஆத்துக் காத்து வரும்னு ஆசைப்பட்டுக் கடைசி வீட்டை வாங்கினானே ஒரு அறிவாளி, அவன் வீடு. காத்து மட்டுமா வந்துச்சு! பாத்ரூம் வழியா வந்து, ஹாலைத் தாண்டி, சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னுச்சு, விருந்தாளி மாதிரி. என் சம்சாரம் நாற்காலி மேல ஏறி சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டா. உக்காந்த இடத்துலேர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க... அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நான் வீடு வீடாப் போய்க் கெஞ்சி, சண்டை போட்டு, இந்த நிலையத்தைக் கட்ட வெச்சேன். ஊருக்கு உழைச்சேன்னு பேரு. உண்மையில அந்த நாற்காலிக்கு உழைச்சேன்.

கட்டி முடிச்ச அன்னிக்குப் படகுக்கார அம்மா வந்தாங்க. ஆத்துல ஆளுங்களை ஏத்தி இறக்கறவங்க, வலையும் போடுவாங்க. ஒரு பானையில ஆத்து மீனைக் கொண்டு வந்து கடைசித் தொட்டியில விட்டாங்க. சாம்பல் கலர், அழகுங்கற பேச்சுக்கே இடமில்ல. 'இது உயிரோட இருக்கற வரைக்கும் உங்க தண்ணி எங்க ஆத்துக்கு வரலாம். இது செத்தா நீங்களே குழாயை மூடிடணும். நாங்க வந்து மூடற மாதிரி வெச்சுக்காதீங்க'ன்னாங்க. கையெழுத்து இல்ல, சாட்சி இல்ல. அந்த மீன்தான் சாட்சி. ஞாயித்துக்கிழமை ஆனா வருவாங்க. குத்த வெச்சு உக்காந்து தொட்டியைப் பார்ப்பாங்க. முழங்காலைத் தட்டிட்டு எழுந்து போய்டுவாங்க. ஒரு காப்பி கூட வாங்கிக் குடிச்சதில்ல.

நல்லாத்தாங்க போய்க்கிட்டிருந்துச்சு! மீன் குஞ்சு கூடப் பொரிச்சுது. ஆத்துல நுரை போச்சு, நாத்தம் போச்சு, வளைவுகிட்ட நாரை எல்லாம் வந்து நிக்க ஆரம்பிச்சுது. படகுக்கார அம்மா ஒரு தடவை சிரிச்சாங்கன்னு கூட நினைக்கிறேன், வெயில்ல சரியாத் தெரியல. அப்புறம்தான் சனியன் பிடிச்சுது. எதனாலன்னு கேக்கறீங்களா? வேற எதனால, என் மச்சினனாலதான்!

சம்சாரத்தோட தம்பி. நிலையத்தைப் பார்த்துக்கற ஆள் அவன்தான். வேலையில்லாம சுத்திக்கிட்டிருந்தான், நான்தான் சேர்த்து விட்டேன். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை. சேர்ந்த நாலு மாசத்துல அவனுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு. பூச்சிங்களைப் 'பிள்ளைங்க'ங்கறான். ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, 'கரன்ட் இல்லாம பிள்ளைங்க மூச்சு முட்டிக் கிடக்கு மாமா, நான் வரல'ங்கறான். குளிச்சுட்டு வாடான்னா, 'குளிச்ச தண்ணி என்கிட்டத்தானே வரப் போகுது, என்ன அவசரம்'ங்கறான். யார் வீட்லயாவது வாணலி எண்ணெயை சிங்க்ல ஊத்தினா, மேல மிதக்கறதைப் பார்த்துட்டு வீட்டுக்கே போய் திட்டுவான். டாக்டர் சம்சாரத்தை 'கொலைகாரி'ன்னுட்டான்! பூச்சியைக் கொன்னுட்டாங்களாம். நான் போய் மன்னிப்பு கேட்டேன்.

அவன் பார்த்துக்கற லட்சணத்துல ஒருநாள் காலையில அத்தனை மீனும் மேல. மல்லாந்து. இவன் என்ன பண்ணியிருக்கணும்? மூத்தவன் நான் இருக்கேன், ஒரு போன் பண்ணியிருக்கலாம். நேரா போய் ஆத்துக் குழாய் வால்வைத் திருகி மூடிட்டான்! 'ஒப்பந்தம் மாமா'ங்கறான். சாயங்காலத்துக்குள்ள எங்க வீட்ல... அதே பாத்ரூம், அதே ஹால், அதே நாற்காலி. அதே பார்வை! இந்தத் தடவை வாயும் திறந்தா. என் பரம்பரையையே அந்தத் தண்ணியில முக்கி எடுத்தா.

அதான் நான் ஓடி வந்து உங்ககிட்ட முதல் தடவை மீன் வாங்கினது. ஞாபகம் இருக்கா? லுங்கியோட வந்தேனே. கொண்டு போய் விட்டுட்டு, 'பாருடா, குஞ்சு எங்கயோ பதுங்கி இருந்திருக்கு, திற வால்வை'ன்னேன். அவன் குனிஞ்சு பார்த்துட்டு, 'ஆரஞ்சு கலர்லயா மாமா?'ங்கறான். அப்பா வேற கலரா இருந்திருக்கலாம்டா, குடும்ப விஷயத்தைக் கிளறாதேன்னேன். திறந்தான். ஆனா அதுவும் செத்துச்சு. அதுக்கப்புறம் நான் முந்திக்கிட்டேன். விடியக்காலை வாக்கிங் போறேன் பாருங்க, அவன் வர்றதுக்கு முன்னாடி செத்ததை எடுத்துட்டு உசிரானதை விட்டுடறது. அதனாலதான் நீங்க என்னை இந்தப் பார்வை பார்க்கற அளவுக்கு நான் வாடிக்கைக்காரன் ஆனேன்.

ஆனா படகுக்கார அம்மாவுக்குக் கண்ணு இருக்கே! போன ஞாயிறு வந்தாங்க, உக்காந்தாங்க. ரொம்ப நேரம் உக்காந்தாங்க. 'சாம்பலா இருந்துச்சே'ன்னாங்க. நல்ல தண்ணியில வளர்ந்தா நிறம் குடுக்கும்மா, பிள்ளைங்க மாதிரின்னேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன், வேற என்ன பண்றது? அவங்க தொட்டியையே பார்த்துக்கிட்டு, 'அப்படியா? எங்க வளைவுல கூட மீனெல்லாம் வெள்ளையாகி மேல மிதக்குது. அதுவும் நல்ல தண்ணின்னாலதான் போலருக்கு'ன்னாங்க. வெயில் அதிகம்மா இந்த வருஷம்னேன். 'ஆமா, வெயில்தான்'னு எழுந்துட்டாங்க. போறப்ப, 'அடுத்த வாரம் நான் தனியா வரல'ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அடுத்த வாரம்னா இன்னிக்கு தம்பி. இன்னிக்கு சாயங்காலம். ஆத்தங்கரை மொத்தமும் வருது. யார் கையில சிமென்ட் இருக்கும், யார் கையில என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாது. காலையில பார்த்தப்ப தொட்டியில மூணு ஆரஞ்சுதான் பாக்கி, அதுல ஒண்ணு ஏற்கெனவே ஒருக்களிச்சாச்சு. அதனாலதான் அழகில்லாத மீனைக் கேக்கறேன். சாம்பலா பத்து விட்டுட்டா, 'பாருங்கம்மா, பழையபடி ஆயிடுச்சு'ன்னு சொல்லிடலாம். புரிஞ்சுதா?

மச்சினனா? அவன் சும்மா இருப்பானா! 'பெரிய தொட்டியில பிள்ளைங்க எல்லாம் கொழுகொழுன்னு இருக்கு மாமா, கடைசித் தொட்டியில மட்டும் மீன் சாகுது. ஆஸ்பத்திரி வாசனை வருது. யாரோ எதையோ ஊத்தறாங்க'ங்கறான். தன் மேல தப்பு வந்தா ஊர் மேல போடறது. போட்டதோட விட்டானா? அறுபது வீட்லயும் போய் பாத்ரூமை மோந்து பார்த்தான்! நாய் கூட அனுமதி கேட்டுத்தான் மோந்து பார்க்கும் தம்பி. எங்க வீட்டுக்கும் வந்தான். மூக்கைத் தூக்கிட்டு, 'அக்கா, உங்க வீட்ல ஹோட்டல் வாசனை வருது'ங்கறான். வராம? யார் வீடு? அவ சிரிச்சுக்கிட்டே அவனுக்குக் காப்பி குடுக்கறா. தலைவர் வீட்டு மாமியார் குளிச்சுக்கிட்டு இருந்தப்ப கதவைத் தட்டியிருக்கான். அவங்க பயந்துபோய்... வேணாம், அதைச் சொன்னா இன்னும் நேரமாகும்.

இனிமே பொறுக்க முடியாதுன்னு நான் தீர்மானம் எழுதிட்டேன். இன்னிக்கு சாயங்காலக் கூட்டத்துல அவனை வேலையை விட்டுத் தூக்கப் போறோம். கவனக்குறைவு, அத்துமீறி மோந்தது, எல்லாம் போட்டிருக்கேன். ஆத்தங்கரைக்காரங்க முன்னாடியே வாசிச்சுட்டா அவங்க கோவமும் தணியும், எனக்கும் ஒரு தலைவலி விடும். பாவம்தான், அவனுக்கும் பொண்ணு பிறந்து ஒரு வயசு கூட ஆகல... என்ன பண்றது, கடமை. இதுக்காக என் சம்சாரம் என்கிட்ட பேச்சையே மூடிட்டா, வால்வை மூடற மாதிரி.

அதென்னங்க கையில? வடிகட்டி வலையா? அதுல பிடிச்சுக் குடுக்கற மீன் பலவீனமா இருக்குமோ? ... என்ன கேட்டீங்க? மீனை விடறதுக்கு முன்னாடி தண்ணியில நான் ஏதாவது போடறேனாவா?

பின்ன! அழுக்குத் தண்ணியில உசிரை விட மனசு வருமா? அதுல நான் குறையே வைக்க மாட்டேன். இதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல பாருங்க, நீங்கதான் முதல் ஆள். ஒருநாள் தலைவர், 'என்ன செக்ரட்டரி, கடைசித் தொட்டி ஓரமெல்லாம் பாசி படிஞ்சிருக்கே'ன்னார். பாசின்னு சொன்னதும் எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. நான் பார்த்துக்கிட்ட தண்ணியில பாசியா! மச்சினன்கிட்ட சொன்னேன். 'அது இருக்கட்டும் மாமா, மீன் மேயும்'ங்கறான். மேயறதுக்கு அது என்ன மாட்டுத் தொழுவமா? இவன் செய்ய மாட்டான், நாமளே பார்த்துக்குவோம்னு, விடியக்காலையில யாருக்கும் தெரியாம, ஹோட்டல்ல குளத்துக்குப் போடற அதே ப்ளீச்சிங் பவுடர் வாங்கி, வாளியில கலக்கி... சும்மா கொட்டல தம்பி. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. குளிக்கிற மக்குல தட்டி அளந்துதான் போடறேன். ஒரே நாள்ல பாசி காலி! சுவரெல்லாம் பளிச்! தண்ணி கண்ணாடி!

அதுக்கு மறுநாளா? மறுநாள்தான் அந்த ஆத்து மீனெல்லாம்... ஆமா. மறுநாள். தண்ணியில ஏதோ விஷக் கிருமி இருக்குன்னு நினைச்சு ரெண்டு மக்கா ஆக்கினேன். உங்க மீன் செத்ததும் மூணு. இப்ப தினம் ஒரு வாளி போடறேன். அவ்வளவு போட்டும் சாகுதுன்னா, மச்சினன் எவ்வளவு மோசமாப் பார்த்துக்கறான்னு நீங்களே...

ஏன் வலையைக் கீழ வெச்சுட்டீங்க?

என்ன, அந்த வாளியையா? பார்த்தேனே, தடுக்கி விழுந்தேனே. குழாய்த் தண்ணி, ஆறப் போட்டிருக்கு, சரி. எதுக்குன்னா கேக்கறேன்? சரி, எதுக்கு? ... குழாய்த் தண்ணியில அந்த ப்ளீச்சிங் கலந்திருக்குமா? கொஞ்சூண்டா? அந்தக் கொஞ்சூண்டே மீனுக்கு ஆகாதா? ஒருநாள் திறந்து வெச்சு, அந்த வாடை போனதும்தான் மீனை... ஆனா நாம குடிக்கிறோமே? நமக்கு ஒண்ணும் ஆகலையே? ... ஓ. நம்ம மூச்சு வேற. அதுங்க தண்ணிக்குள்ளதான் மூச்சு... செவுள்ல... எரியுமா?

குழாய்த் தண்ணியில இருக்கற கொஞ்சூண்டுக்கே எரியுமா. நான் வாளியில கலக்கி...

தம்பி, அந்த ஸ்டூலை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்க.

...

ஹோட்டல் குளத்துல ஒரு தவளை கூட உயிரோட இருந்ததில்ல. அதை நான் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

இல்ல இல்ல, தண்ணி வேணாம். குடிக்கிற தண்ணியைப் பார்த்தாலே இப்ப... அப்ப பூச்சியெல்லாம் அதுபாட்டுக்கு அறுபது வீட்டு அழுக்கையும் தின்னு, தெளிய வெச்சு, மீன் வாழற தண்ணியா அனுப்பி வெச்சிருக்கு. மச்சினனும் ராப்பகலா அதே கவலையாக் கிடந்திருக்கான். கடைசித் தொட்டியில, கடைசிக் கட்டத்துல, நான் ஒருத்தன் வாளியோட நின்னுருக்கேன். சுத்தம் பண்றதுக்கு. அந்தத் தொட்டி அங்கயே நிக்கவும் இல்லையே. குழாய் வழியாப் போய்க்கிட்டேதானே இருக்கு? தினம். வளைவு வரைக்கும். வெயிலாம் வெயில்! என்னைக் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கலாம் அந்தம்மா.

அது என்ன பாட்டில்? சொட்டு மருந்தா? ஆறப் போட நேரமில்லைன்னா இதை விடுவீங்களா? கெடுதலை எடுத்துடுமா? அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன! ஒரு வாளிக்கு எத்தனை சொட்டு? ரெண்டு. சரி. தொட்டிக்கு... பாட்டில் பாட்டிலாத்தான் ஊத்தணும், பரவாயில்ல. இருக்கறதை எல்லாம் எடுங்க. ம்... ஆத்துக்கு எத்தனை சொட்டு தம்பி?

சிரிக்காதீங்க.

ஓ, சிரிக்கலையா. சிரிச்சிருக்கலாம்.

என்ன இது, சாம்பல் மீன் இருக்கா? உள்ள வெச்சிருந்தீங்களா? பெரிய மீனுக்குத் தீனியாப் போடறதுக்கா! அச்சு அசல் அதே மாதிரி இருக்கே... கொஞ்சம் கூட அழகே இல்ல. பத்தும் விட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்கும், இல்ல? அவங்க வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும் தாங்கினா போதும். தீர்மானத்தை வாசிச்சுட்டா... யாருக்கும்... நீங்க யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல, மீனுக்கு வாயே இல்ல...

வேணாம். உள்ளயே விட்டுடுங்க. அட, விடுங்கன்னா! எனக்குக் கவர் போடாதீங்க. அது கவருக்குள்ளேர்ந்து என்னைப் பார்த்தா, அந்தம்மா பார்க்கற மாதிரியே இருக்கு.

தொட்டியையும் ஆறத்தான் போடணும். ஒருநாள், ரெண்டு நாள். ஆறப் போடணும்னா தண்ணி நிக்கணும். நிக்கணும்னா குழாயை மூடணும். குழாயை மூடினா... தலைக்கு மேல போயாச்சு, சாண் என்ன, முழம் என்ன.

இருங்க, ஒரு போன் பண்ணிக்கறேன். எடுக்க மாட்டான். என் நம்பரைப் பார்த்தாலே... ஹலோ! டேய்! நான்தான்டா. கோவத்தை அப்புறம் வெச்சுக்கோ. வால்வை மூடு. ... கடைசித் தொட்டி வால்வுடா, எங்க வீட்டுக் குழாயா! இப்பவே மூடு. ... மீன் ஒண்ணு இன்னும் நீந்துதா? நீந்தட்டும், நீ மூடு. ... இல்ல, எனக்குப் பைத்தியம் பிடிக்கல. யார் ஊத்தறாங்கன்னு கண்டுபிடிச்சாச்சு. ... உனக்குத் தெரிஞ்ச ஆள்தான். நீ மோந்து பார்த்த வீடுதான். ... ஹோட்டல் வாசனை வருதுன்னியே, அந்த வீடு.

...

ம்.

...

ம். சொல்லு, சொல்லு. எல்லாத்தையும் சொல்லிடு, கேட்டுக்கறேன். ... முடிஞ்சுதா? சரி. சாயங்காலம் அவங்க வந்தா நான் இருக்கேன், தொட்டிகிட்ட நானே நிக்கறேன். தீர்மானத்தைக் கிழிச்சுடறேன்டா, இல்ல, கிழிக்கல, பேரை மட்டும் மாத்திடறேன். ... தெரியும், தெரியும், முதல்ல எங்க வீட்லதான் வரும். வரட்டும். ... ஒண்ணு மட்டும் பண்ணு. ஓடிப் போய் உங்க அக்காவை நாற்காலி மேல ஏறி உக்காரச் சொல்லு. ஏன்னு கேட்டா, நான் வந்து சொல்றேன்னு சொல்லு. ... இல்ல, வேணாம். நீயே சொல்லிடு. நான் வர்றதுக்குள்ள கொஞ்சம் ஆறியிருப்பா.